ஆள் திரும்பினால் புள்ளி ஓடுகிறதா? உட்புற இடங்காட்டியில் உடம்பு தரும் பிழைகள், அறிகுறி வாரியாக

கட்டடத்துக்குள் ஆள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் அமைப்புகள், காலி அறையில் சோதிக்கும்போது ஒழுங்காக ஓடிவிட்டு, ஆட்கள் டேக்கை (சிக்னல் அனுப்பும் அல்லது பெறும் சிறு கருவியை) மாட்டிக்கொண்டு நடமாடத் தொடங்கியதும் தடுமாறும். ப்ளூடூத் பீக்கன் (விட்டுவிட்டுச் சிக்னல் அனுப்பும் சிறு கருவி), வைஃபை, அல்ட்ரா வைட்பேண்ட் (மிக அகன்ற அலைவரிசையில் சிக்னலின் பயண நேரத்தை அளப்பது) எதுவானாலும் இதே கதைதான். உடனே மென்பொருளில் கை வைப்பார்கள். அளவுகளைச் சீராக்கும் ஃபில்டரின் எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. டேக்கை மாட்டியிருக்கும் உடம்பே சிக்னலுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருக்கும்.

அது எவ்வளவு பெரிய தடை என்பதை எண்ணில் பார்த்துவிடுவது நல்லது. 2.45 கிகாஹெர்ட்ஸில் தசையின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்துக்கு இடங்கொடுக்கும் அளவு) சுமார் 53, கடத்துதிறன் மீட்டருக்கு 1.7 சீமென்ஸ். அதனால் உடம்பில் படும் அலையின் திறனில் பாதிக்கு மேல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. உள்ளே நுழைவது ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 4 டெசிபல் (சிக்னல் வலுவின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) இழக்கிறது. 20 சென்டிமீட்டர் தடிமன், முழுக்கத் தசை என்று கொண்டால் 80 டெசிபல் காலி. நடைமுறையில் எதுவும் ஊடுருவவில்லை என்றே பொருள். உடம்பின் மறுபக்கம் வந்து சேரும் சிக்னல், உடம்பைச் சுற்றி வளைந்து வந்தது. அல்லது சுவர், கூரை, தரையில் பட்டுத் திரும்பி வந்தது. இந்த மாற்றுப் பாதைகள் இருப்பதால்தான் அளவீட்டில் இழப்பு 80 ஆகாமல், பொதுவாக 5 முதல் 20 டெசிபலுக்குள் நிற்கிறது.

இந்தப் பிழை ஒரே பக்கம் சாய்வது. உடம்பு குறுக்கே வந்தால் சிக்னலின் வலு குறையும், வந்து சேரும் நேரம் கூடும். இரண்டிலும் தூரம் உள்ளதைவிட அதிகமாகத்தான் தெரியும். கூடியும் குறைந்தும் விழும் இரைச்சல் அல்ல இது. ஆகவே நிறைய அளவெடுத்துச் சராசரி பார்த்தால் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு இங்கே எடுபடாது.

முதலில்: உடம்புதானா என்று உறுதி செய்வது

டேக்கை மார்பில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது போதாது. ஆள் திரும்பும்போது உடம்பின் நிழல், ஆன்டெனா பார்க்கும் திசை, டேக் இருக்கும் புள்ளி எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன. மார்பில் உள்ள டேக் அரை வட்டம் திரும்பினால் 25, 30 சென்டிமீட்டர் இடம்பெயரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 12.5 சென்டிமீட்டர்தான். பிரதிபலிப்பு நிறைந்த அறையில் 6 சென்டிமீட்டர் நகர்ந்தாலே 10 டெசிபல் மாறக்கூடும். எந்த மாற்றம் எதனால் என்று சொல்ல முடியாமல் போகும். பிரித்துப் பார்க்க இப்படிச் செய்யுங்கள்:

1. மரம் அல்லது பிளாஸ்டிக் தாங்கியில், தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் டேக்கை வையுங்கள். ஆங்கர் (சுவரிலோ கூரையிலோ நிலையாக இருக்கும் கருவி) 4, 5 மீட்டர் தள்ளி, நேராகப் பார்க்கும்படி இருக்கட்டும். அறையில் யாரும் நிற்காமல் 60 விநாடி பதிவு செய்யுங்கள்.

2. டேக்கை அதே புள்ளியில் வைத்தபடி 45 டிகிரி வீதம் திருப்பி, எட்டுத் திசையிலும் 60 விநாடி பதியுங்கள். இதில் தெரிவது ஆன்டெனாவின் குணம் மட்டும்.

3. டேக்கைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். இப்போது ஒருவர் மார்புக்கும் டேக்குக்கும் 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிற்கட்டும். டேக் அசையாமல், ஆள் மட்டும் அதைச் சுற்றி 45 டிகிரி வீதம் இடம் மாறட்டும். இதில் தெரிவது உடம்பு மட்டும்.

4. கடைசியாக டேக்கை அவர் வழக்கமாக மாட்டும் இடத்தில் மாட்டி, எட்டுத் திசையிலும் திரும்பட்டும்.

ஒவ்வொரு பதிவுக்கும் மீடியன் (நடு மதிப்பு), 10ஆம் சதமானம் (அளவுகளில் நூற்றுக்குப் பத்து இதற்குக் கீழே இருக்கும்), 90ஆம் சதமானம், வந்து சேர்ந்த பாக்கெட்டுகளின் (சிக்னலில் வரும் தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சோதனையில், ஆள் ஆங்கருக்கும் டேக்குக்கும் நடுவே வரும் இரண்டு மூன்று திசைகளில் மட்டும் மீடியன் பள்ளம் விழுந்தால் அது நிழல். எட்டுத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தால், உடம்பு அருகில் வந்ததால் ஆன்டெனாவின் இசைவு கெட்டிருக்கிறது. அதற்கு வேறு வைத்தியம். இரண்டாவது சோதனையிலேயே, ஆள் இல்லாதபோதே 8, 10 டெசிபல் ஏறி இறங்கினால் உடம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆன்டெனாவையோ டேக் தொங்கும் கோணத்தையோ மாற்ற வேண்டும்.

பாக்கெட் எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். உடம்பு மறைக்கும்போது வலுக்குறைந்த பாக்கெட்டுகள் ரிசீவரை எட்டாமலே போய்விடும். தப்பி வந்தவற்றின் சராசரி, நிலைமை உண்மையில் இருப்பதைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டும். சராசரி வெறும் 4 டெசிபல் குறைந்து, பாக்கெட்டுகள் மூன்றில் ஒரு பங்காகிவிட்டால், உண்மையான இழப்பு 4 டெசிபலைவிடக் கணிசமாக அதிகம்.

ஒரே ஆளை மணிக்கணக்கில் நிறுத்தி வைக்க முடியாதபோது 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் இரண்டில் தண்ணீர் நிரப்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சாதாரணத் தண்ணீரும் சென்டிமீட்டருக்கு 2.5 டெசிபல் அளவு உறிஞ்சும். தசையைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் கேனின் தடிமனுக்கு நிழல் நன்றாகவே விழும். மூச்சுவிடாது, தள்ளாடாது என்பதால் பதிவுகளை ஒப்பிடவும் எளிது.

அறிகுறி 1: ஆள் நின்ற இடத்தில் திரும்பினால் புள்ளி பல மீட்டர் ஓடுகிறது

சிக்னல் வலுவை வைத்துத் தூரம் கணக்கிடும் அமைப்புகளில் இது அடிக்கடி வரும். வழக்கமான சூத்திரத்தில், 1 மீட்டரில் −59 டிபிஎம் (சிக்னல் வலுவின் அலகு), பாதை இழப்பு அடுக்கு (தூரத்தோடு வலு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற எண்) 2 என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டரில் −71 வர வேண்டும். ஆள் முதுகைக் காட்டித் திரும்புகிறார். 9 டெசிபல் குறைந்து −80 வருகிறது. சூத்திரம் இதை 11 மீட்டர் என்று படிக்கும். அதே நேரம் ஆளின் முகத்துக்கு நேரே உள்ள பீக்கன் சரியாகவே காட்டும். விளைவு: புள்ளி எப்போதும் ஆள் பார்க்கும் பக்கமாகச் சாயும். வரைபடத்தில் புள்ளி ஓடும் திசையும் ஆளின் முகம் பார்க்கும் திசையும் ஒன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், உடம்புதான்.

செலவில்லாத தீர்வு டேக்கின் இடத்தை மாற்றுவது. மார்பு, இடுப்பு, பேண்ட் பாக்கெட் மூன்றும் பாதி உலகத்தை மறைக்கும் இடங்கள். தோள்பட்டைமேல் வைத்தால் நிழல் பெருமளவு தலையின் பக்கம் மட்டும் சுருங்கும். தலைக்கவசம் போடும் வேலை என்றால் அதன் உச்சிதான் உத்தமமான இடம். மார்பு அட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று நிர்ப்பந்தம் இருந்தால், முன்னும் பின்னும் ஒவ்வொரு டேக் மாட்டி, ஒரே பீக்கனுக்கு இரண்டும் தரும் அளவுகளில் வலுவானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் சராசரியை எடுத்தால் இரண்டாவது டேக் மாட்டியதே வீண்.

அடுத்தது பீக்கன்களின் இடம். எல்லாவற்றையும் ஒரே சுவரில் வரிசையாக வைத்திருந்தால், ஆள் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியதும் அத்தனையும் ஒன்றாகச் சாகும். தளத்தில் இடம் காண மூன்று போதும் என்பது ஏட்டுக் கணக்கு. எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் நாலாபக்கமும் சேர்த்து ஐந்து ஆறு தெரிந்தால்தான், முதுகுப்பக்கம் இரண்டு போனாலும் மிச்சம் மூன்று தாங்கும்.

மூன்றாவதாகத்தான் மென்பொருள். கருவியில் திசைகாட்டி இருந்தால், முகத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இருபுறமும் 60 டிகிரிக்குள் வரும் பீக்கன்களுக்கு, மேலே சொன்ன மூன்றாவது சோதனையில் கிடைத்த பள்ளத்தின் அளவைக் கூட்டிக்கொடுக்கலாம், அல்லது அவற்றின் எடையைக் குறைக்கலாம். எடையைக் குறைப்பதே பாதுகாப்பு; கூட்டிக்கொடுக்கும் எண் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். கட்டடத்தின் இரும்பால் திசைகாட்டி 20, 30 டிகிரி தவறினாலும் பரவாயில்லை. நிழல் அதைவிட அகலமானது.

கால்மன் ஃபில்டர் (முந்தைய மதிப்பீட்டையும் புதிய அளவையும் கலந்து சீராக்கும் கணக்கு) போட்டால் தீரும் என்று பலர் நம்புகிறார்கள். பிழையின் சராசரி பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு வேலை செய்வது அது. ஆள் ஐந்து நிமிடம் ஒரே பக்கம் பார்த்து நின்றால், பிழையும் ஐந்து நிமிடம் ஒரே பக்கம் இழுக்கும். ஃபில்டர் தவறான இடத்தில் நிதானமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். துள்ளல் நின்றுவிட்டதால் திரையில் பார்க்க அழகாக இருக்கும்; அதுதான் ஆபத்து.

அறிகுறி 2: தாழ்வாரத்தில் போகும்போது சரி, திரும்பி வரும்போது தவறு

சிக்னல் வரைபடம் எடுத்து அதோடு ஒப்பிடும் முறையில் வரும் பிரச்சினை. வரைபடம் எடுத்தவர் கைபேசியை முன்னால் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்திருப்பார். அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்த ரௌட்டர்கள் எல்லாம் வரைபடத்தில் நிரந்தரமாக மங்கிப் பதிவாகிவிட்டன. எதிர்த்திசையில் வருபவருக்கு அவைதான் பளிச்சென்று தெரியும். ஒப்பீடு எங்கோ போய் நிற்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தின் ராடார் என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே, ஒரே இடத்தில் ஆள் திரும்பும் திசையைப் பொறுத்து வைஃபை வலு 5 டெசிபல் வரை மாறுவதைப் பதிவு செய்து, ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு திசைகளில் அளவெடுத்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். அறைகளில் நான்கு திசை, தாழ்வாரத்தில் இரண்டு திசை போதும். முக்கியமாக, நான்கையும் கூட்டி ஒரே சராசரியாக்கிச் சேமிக்காதீர்கள். அப்படிச் செய்தால் எந்தத் திசைக்கும் பொருந்தாத ஒரு வரைபடம் கிடைக்கும். திசைவாரியாகத் தனித்தனிப் பதிவாக வைத்து, பயனரின் திசை தெரிந்தால் அதற்குரியதோடும், தெரியாவிட்டால் நான்கோடும் ஒப்பிட்டு மிகப் பொருந்துவதையும் எடுங்கள். ஒவ்வொரு திசையிலும் அசையாமல் நிற்பதைவிட, அரை மீட்டர் வட்டத்துக்குள் மெல்ல அசைந்தபடி 20, 30 விநாடி பதிவது மேல். 6 சென்டிமீட்டருக்கு ஒரு முறை வரும் மேடுபள்ளம் அதில் கரைந்துவிடும்.

அறிகுறி 3: எல்லாத் தூரமும் எப்போதும் கூடுதலாகக் காட்டுகிறது

திரும்பினாலும் மாறவில்லை, எல்லா ஆங்கரும் ஒரே மாதிரி கூட்டிச் சொல்கின்றன என்றால் நிழல் காரணமல்ல. டேக் உடம்போடு ஒட்டியிருப்பதால் ஆன்டெனாவின் ஒத்ததிர்வு கீழே இறங்கி, செயல்திறன் விழுந்திருக்கிறது. சிறிய செராமிக் ஆன்டெனாவும் சர்க்யூட் போர்டில் அச்சடித்த ஆன்டெனாவும் இதற்குச் சீக்கிரம் மசியும். தோலுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் ஸ்பாஞ்ச் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். கணிசமாக ஏறினால் காரணம் உறுதி. உறையின் பின்பக்கத்தைத் தடிப்பாக்குவது, ஆன்டெனா வெளிப்பக்கம் பார்க்கும்படி போர்டைத் திருப்புவது, பின்னால் உலோகத் தரைத்தகடு (கிரவுண்ட்) உள்ள பேட்ச் ஆன்டெனாவுக்கு (தட்டையான ஆன்டெனா) மாறுவது ஆகியவை நிலையான தீர்வுகள். பேட்ச் ஆன்டெனா உடம்பின் பாதிப்பைத் தாங்கும், ஆனால் பின்பக்கம் கேட்காது. முதல் அறிகுறியை அதிகப்படுத்தும் என்பதை மறக்க வேண்டாம். வியர்வையில் நனைந்த துணியும் இதே வேலையைச் செய்யும். காலையில் சரியாக இருந்து வேலை மும்முரத்தில் கெட்டால் இதையும் கணக்கில் எடுங்கள்.

வன்பொருளை மாற்ற முடியாத நிலையில், 1 மீட்டரில் வரும் வலுவின் ஆதார அளவை டேக் உடம்பில் இருக்கும்போதே, ஆங்கரைப் பார்த்து நின்று எடுங்கள். மேசையில் வைத்து எடுத்த எண்ணையோ, பெட்டியில் அச்சடித்து வந்த எண்ணையோ அப்படியே போடாதீர்கள். பீக்கன் உடம்பில், ரிசீவர் சுவரில் என்ற அமைப்பில் இந்தத் தவறு சர்வசாதாரணம். இன்னொன்று: ஆப்பிளின் ஐபீக்கன் வடிவத்தில் வரும் ஆதார எண் 1 மீட்டருக்கானது, கூகுளின் எடிஸ்டோன் வடிவத்தில் 0 மீட்டருக்கானது. இரண்டுக்கும் இடையே 41 டெசிபல் வித்தியாசம். இதை மாற்றிப் போட்டுவிட்டு உடம்பைச் சந்தேகிப்பதும் நடக்கிறது.

அறிகுறி 4: காலியாக இருந்தால் சரி, கூட்டம் வந்தால் கெடுகிறது

இங்கே டேக் மாட்டியவரின் உடம்பைவிட மற்றவர்களின் உடம்புதான் பிரச்சினை. ஆள் நேர்கோட்டில் குறுக்கிட வேண்டும் என்றுகூட இல்லை. 10 மீட்டர் இணைப்பின் நடுவில், 2.4 கிகாஹெர்ட்ஸில் முதல் ஃப்ரெனல் மண்டலத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலைக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டிய வெளி) ஆரம் 55 சென்டிமீட்டர். அந்த வட்டத்துக்குள் தோள் நுழைந்தாலே சிக்னல் ஆடத் தொடங்கும்.

ஆங்கரை உயர்த்துங்கள் என்பது சுலபமான அறிவுரை. எவ்வளவு உயர்த்தினால் எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டேக் மார்பில், 1.2 மீட்டர் உயரத்தில். ஒரு மீட்டர் தள்ளி 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நிற்கிறார். அவர் தலையைத் தாண்ட, கோடு ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் ஏற வேண்டும். ஆங்கர் 3 மீட்டர் உயரக் கூரையில் இருந்தால், அது 3.6 மீட்டர் கிடைத்தொலைவுக்குள் இருக்கும்போது மட்டும் நேரடிப் பாதை கிடைக்கும். 4.5 மீட்டர் உயரக் கூரையில் இது 6.6 மீட்டராகும். டேக் மாட்டியவரின் சொந்தத் தலைக்கு இதே கணக்கைப் போட்டால் நிலைமை மோசம்: கால் மீட்டருக்குள் அரை மீட்டர் ஏற வேண்டும், 3 மீட்டர் கூரையில் பின்பக்க ஆங்கர் 90 சென்டிமீட்டருக்குள், அநேகமாகத் தலைக்கு மேலேயே இருந்தாக வேண்டும். ஆக, கூரையில் மாட்டுவது அடுத்தவர் நிழலைக் குறைக்கும். சொந்த நிழலைத் தீர்க்காது. அதற்கு டேக்கைத்தான் மேலே ஏற்ற வேண்டும். டேக் 1.7 மீட்டருக்குப் போய்விட்டால், அதே உயரமுள்ள யாரும் கூரை ஆங்கரை மறைக்க முடியாது.

இந்தக் கணக்கை உங்கள் கூரை உயரத்துக்குப் போட்டு, வரும் தொலைவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மிகாமல் ஆங்கர்களுக்கு இடைவெளி வையுங்கள். கூட்டம் கூடும் பகுதியில் மட்டும் நெருக்கினால் போதும்.

மென்பொருளில்: நடமாடும் கூட்டம் சிக்னலை விட்டுவிட்டு மறைக்கும். நடுநடுவே இடைவெளி கிடைக்கும்போது வரும் வலுவான பாக்கெட்டுகளே நம்பத்தக்கவை. 3 முதல் 5 விநாடி சாளரத்தில் சராசரிக்குப் பதிலாக 75க்கும் 90க்கும் இடைப்பட்ட ஒரு சதமானத்தை எடுங்கள். உச்ச மதிப்பையே எடுத்துவிட வேண்டாம். பிரதிபலிப்புகள் ஒன்றுசேர்ந்து தற்செயலாகச் சில டெசிபல் ஏற்றிவிடும் பாக்கெட்டும் அதில் சிக்கும். பீக்கன் 100 மில்லிவிநாடிக்கு ஒரு முறை ஒலித்தால் 3 விநாடியில் 30 பாக்கெட் வர வேண்டும். 5, 6 மட்டுமே வந்தால் சதமானத்துக்கு அர்த்தமில்லை. அந்த அளவை ஒதுக்குங்கள்.

ப்ளூடூத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பீக்கன் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று சேனல்களில் மாறிமாறி அறிவிக்கும். ஒரே இடத்திலும் மூன்றின் வலுவும் பல டெசிபல் வேறுபடும். கைபேசிச் செயலிக்கு எந்தச் சேனலில் வந்தது என்ற விவரம் கிடைக்காது. அதனால் மூன்று படிக்கட்டாகத் தெரியும் பதிவைப் பார்த்து, யாரோ குறுக்கே நடக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அறை காலியாக இருக்கும்போதும் அதே படிக்கட்டு இருந்தால் அது சேனல்தான்.

அறிகுறி 5: அல்ட்ரா வைட்பேண்டில் ஒரு திசையில் மட்டும் தூரம் நீள்கிறது

நேரத்தை அளக்கும் முறை என்பதால் உடம்பு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வலு குறைவதால் நேரடியாகப் பாதிப்பில்லை என்பது உண்மை. ஆனால் முதலில் வரும் பாதையே இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டால், சிப் அடுத்து வரும் பிரதிபலிப்பை முதல் வருகை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நானோவிநாடிக்கு 30 சென்டிமீட்டர். சுவரில் பட்டு வந்த பாதை நேரடிப் பாதையைவிட 2 மீட்டர் நீளம் என்றால், தூரமும் 2 மீட்டர் கூடிவிடும். உடம்பைச் சுற்றி வளைந்து வருவதைப் பிடித்தால் 20, 30 சென்டிமீட்டர்தான் கூடும். எனவே பிழை இரண்டு தட்டாகத் தெரியும்: சிறியது நிலையாக, பெரியது திடீரென்று.

முதலில் இவற்றை விலக்குங்கள். எல்லாத் திசையிலும் ஒரே அளவு கூடுதல் என்றால் ஆன்டெனா தாமத அளவுத்திருத்தம் (சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே ஆகும் நேரத்தைக் கழிக்கும் எண்) தவறு. தூரம் உண்மையைவிடக் குறைவாக வந்தால் அது உடம்பின் வேலையே அல்ல.

அடுத்து, சிப் தரும் விவரங்களைப் பதிவு செய்யுங்கள். மொத்தம் பெற்ற திறனுக்கும் முதல் பாதையின் திறனுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியமான எண். டிடபிள்யு1000 என்ற அல்ட்ரா வைட்பேண்ட் சிப்பின் கையேடு தரும் விதி: வித்தியாசம் 6 டெசிபலுக்குக் குறைவென்றால் நேரடிப் பாதை இருக்க வாய்ப்பு அதிகம், 10 டெசிபலுக்கு மேலென்றால் மறைவு. நடுவில் விழுவது இரண்டும் கெட்டான். எல்லைக்கோட்டை உங்கள் டேக், உங்கள் உறையோடு மேலே சொன்ன மூன்றாவது சோதனையில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணை வைத்து அளவைத் தூக்கி எறிவதைவிட எடை போடுவது நல்லது. நேரடிப் பாதைக்கு 10 சென்டிமீட்டர் பிழை அளவு, சந்தேகத்துக்குரியதற்கு 50 முதல் 100 சென்டிமீட்டர் என்று தொடங்கலாம். கூட்டத்துக்குள் எல்லா ஆங்கரும் மறைந்திருக்கும் தருணம் வரும்; எறிகிற முறையில் அப்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. பார்ட்டிக்கிள் ஃபில்டர் (சாத்தியமான பல இடங்களுக்கு எடை போட்டு இடம் காணும் கணக்கு) என்றால், தூரப் பிழையின் பரவலை இருபக்கமும் சமமாக வைக்காமல், நீளும் பக்கம் வால் நீண்டதாக வையுங்கள். எட்டு வரித் திருத்தம்தான். ஆனால் மற்ற எல்லா நுணுக்கங்களையும்விட இது அதிகம் கொடுக்கும் என்பது எங்கள் கணிப்பு.

நேர வித்தியாசத்தை வைத்து இடம் காணும் அமைப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. மற்றவற்றின் நேரத்தை ஒப்பிட அடிப்படையாக வைத்த ஆதார ஆங்கரே உடம்பால் மறைந்தால், அதன் தாமதம் எல்லா வித்தியாசங்களிலும் கழிந்து, மற்ற ஆங்கர்கள் அத்தனையும் அருகில் வந்ததுபோல் தெரியும். ஒரே நேரத்தில் எல்லாமே தவறினால் ஆதார ஆங்கரைப் பாருங்கள். ஆதாரத்தை நிரந்தரமாக ஒன்றில் கட்டிவைக்காமல், ஒவ்வொரு முறையும் முதல் பாதை எதில் தெளிவாக உள்ளதோ அதை எடுங்கள்.

வைஃபையில் பயண நேரம் அளக்கும் முறையிலும் இதே ஒருபக்கப் பிழைதான். ஆனால் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பிரித்தறியும் நுணுக்கம் 3.75 மீட்டர், அல்ட்ரா வைட்பேண்டின் 499.2 மெகாஹெர்ட்ஸில் அது 60 சென்டிமீட்டர். வைஃபையில் நேரடிப் பாதையும் பிரதிபலிப்பும் ஒன்றோடொன்று கலந்தே வரும். எல்லா ரௌட்டரிலும் 20 மெகாஹெர்ட்ஸ் என்று அமைத்துவிட்டு, ஆள் திரும்பினால் எகிறுகிறது என்று வருந்துவதில் பயனில்லை.

அறிகுறி 6: புள்ளி நகரவில்லை, இரண்டு இடங்களுக்கிடையே தாவுகிறது

வலுவான பீக்கன் எதுவோ அந்த அறை என்று முடிவு செய்யும் அமைப்புகளில், ஆள் லேசாகத் திரும்பினாலே வரிசை மாறும். அறை மாற, புதிய பீக்கன் பழையதைவிட 6 டெசிபலாவது மேலே, தொடர்ந்து 3 விநாடியாவது இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். கோணத்தை அளக்கும் ப்ளூடூத் அமைப்பில் தாவல் என்றால் காரணம் வேறு: நேரடிப் பாதையை உடம்பு மறைத்ததும், அளவி எதிர்ச்சுவரின் பிரதிபலிப்பைப் பார்த்து அந்தக் கோணத்தைச் சொல்கிறது. ஒரே ஒரு அளவியை நம்பினால் போதாது; எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது ஒன்று இல்லாமல் இதற்கு விடிவில்லை.

அறிகுறி 7: செயலற்ற ஆர்எஃப்ஐடி அட்டை உடம்பில் இருந்தால் படிக்கவே மாட்டேன் என்கிறது

860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்த ரேடியோ அடையாள அட்டைகளுக்குச் சொந்த மின்கலம் கிடையாது. சிப்பை எழுப்பும் அளவுக்குத் திறன் வந்தால்தான் பதில். தோலோடு ஒட்டினால் ஆன்டெனா இசைவு கெட்டு, எழுப்பும் அளவை எட்டாது. அட்டையைச் சட்டைப் பாக்கெட்டில் செருகாமல் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டு, பின்னால் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் ஃபோம் ஒட்டினால் பெரும்பாலும் உயிர் பெறும். வாசலின் இரு பக்கமும் ரீடர் ஆன்டெனா வைத்தால் எந்தப் பக்கம் திரும்பி வந்தாலும் ஒன்று பார்க்கும்.

உடம்பைப் போல வேடம் போடுபவை

ஒரே நபரிடம் இரண்டு கைபேசிகள் வேறு வேறு இடம் காட்டினால், அவற்றைத் தாங்கியில் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். அங்கேயும் நிலையான வித்தியாசம் இருந்தால் அது மாடலுக்கு மாடல் உள்ள வேறுபாடு. ஒரு எண்ணைக் கழித்தால் தீரும். கையில் பிடிக்கும்போது மட்டும் வந்தால், விரல்கள் ஆன்டெனாவை மூடுகின்றன.

கைபேசியைப் பேண்ட் பையில் போட்டதும் புள்ளி உறைந்துபோனால் தொடையைச் சந்தேகிக்கும் முன், வந்து சேரும் சிக்னல் பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் ஓடும் செயலிக்கு 2 நிமிடத்தில் 4 வைஃபை ஸ்கேன் மட்டுமே அனுமதி. பின்னணியில் இருக்கும் செயலிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 நிமிடத்துக்கு ஒன்று. ஆண்ட்ராய்டு 10 முதல் சோதனைக்காக டெவலப்பர் அமைப்பில் இந்தக் கட்டுப்பாட்டை அணைக்கலாம். பயனர்களின் கைபேசியில் அதை எதிர்பார்க்க முடியாது.

ரௌட்டர்களில் அனுப்பும் திறனைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இயங்கினால், கூட்டம் கூடும் நேரத்தில் திறனும் மாறும்; நான்காவது அறிகுறியை அச்சாக நகல் எடுத்ததுபோல் இருக்கும். சந்தேகம் இருந்தால் திறனை நிலையாக்கிவிட்டு ஒரு நாள் பதிவு எடுங்கள். ஒரே பீக்கன் மட்டும் நாள்கணக்கில் மெல்ல மங்கிக்கொண்டே போனால், மின்கலத்தை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.